ஏ-ஆர்ம் மாற்றிய ஏடிவி: முன் ஷாக்கின் ஸ்பிரிங்கும் வால்விங்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போர்ட் குவாடுக்கு (நான்கு சக்கர ஏடிவி) அகலமான ஏ-ஆர்ம் (முன் சக்கரத்தை ஃப்ரேமோடு இணைக்கும் ஏ வடிவக் கை) போட்டவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் கேட்கிறார்கள். வண்டி ஏன் தாழ்ந்தது, எந்த ஸ்பிரிங் போடுவது, கடைசியில் ஷிம் (ஷாக்குக்குள் எண்ணெயைத் தடுக்கும் மெல்லிய தகடு; அதன் அடுக்கை அமைப்பதுதான் வால்விங்). இங்கே பதில்களும் அதே வரிசையில் இருக்கின்றன.

கணக்குக்கு ஒரே வண்டியைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: 450 சிசி, 46 அங்குல அகலம், முன் சக்கரப் பயணம் 250 மி.மீ. பக்கத்துக்கு 2 அங்குலம் நீளமான ஏ-ஆர்ம் போட்டு 50 அங்குலம் ஆக்கியாயிற்று. உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும், செய்முறை இதேதான்.

ஷாக்கைத் தொடவே இல்லை, ஏ-ஆர்ம் மட்டும்தான் மாத்தினேன். முன்பக்கம் ஏன் தொங்கிப்போச்சு?

நெம்புகோல்தான் காரணம். கடப்பாரையை நுனியில் பிடித்து அழுத்தினால் பாறை எளிதாகப் புரளும். இங்கே நுனியைப் பிடித்திருப்பது சக்கரம், புரளுவது உங்கள் ஸ்பிரிங். நம் வண்டியில் பழைய கீழ் ஆர்ம், பிவட்டிலிருந்து (ஃப்ரேமில் ஆர்ம் திரும்பும் புள்ளி) பால் ஜாயிண்ட் (சக்கரப் பக்க மூட்டு) வரை 330 மி.மீ.; புதியது 381. ஷாக் போல்ட் இரண்டிலும் பிவட்டிலிருந்து 200 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. 330-ஐ 381-ஆல் வகுத்தால் 0.866. இதன் வர்க்கம் 0.75. அதாவது அதே ஸ்பிரிங், சக்கரத்தில் கால்பங்கு விறைப்பை இழந்துவிட்டது.

வர்க்கம் எதற்கு என்று கேட்பார்கள். இழப்பு இரண்டு தடவை நடக்கிறது. சக்கரம் அதே தூரம் ஏறினாலும் ஷாக் குறைவாக அமுங்குவதால் ஸ்பிரிங் தரும் விசை குறைகிறது. அந்தக் குறைந்த விசையும் நீண்ட ஆர்ம் வழியாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது இன்னொரு முறை குறைகிறது. நம் வண்டியில் இது சுமார் 27 மி.மீ. கூடுதல் தாழ்வாகத் தெரியும்.

சில கிட்டுகளில் ஷாக் போல்ட்டையும் வெளியே தள்ளி வைத்திருப்பார்கள், சாய்வும் மாறியிருக்கும். ஆகவே "பிளஸ் டூ (பக்கத்துக்கு 2 அங்குலம் கூடுதல்) என்றால் இவ்வளவு" என்று யார் சொன்னாலும் அளக்காமல் நம்பாதீர்கள்.

ஏ-ஆர்மோட சேர்த்து வேற என்னென்ன மாத்தணும்?

டை ராடு அதே அளவு நீள வேண்டும், பிரேக் ஹோஸ் எட்ட வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சக்கரத்தை அடியிலிருந்து உச்சிவரை கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கீழே தொங்கும்போது பால் ஜாயிண்ட் மடங்கி நிற்கக் கூடாது, ஷாக்தான் முதலில் முழு நீளத்துக்கு வந்து தடுக்க வேண்டும். மேலே ஏறும்போது டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்றும் அப்போதே பார்த்துவிடலாம். அகல வரம்பையும் மறக்க வேண்டாம். அமெரிக்க வனத்துறையின் ஏடிவி பாதைகள் பல, 50 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள வண்டிக்கு மட்டும்தான். யமஹா வொய்எஃப்இசட்450ஆர் கம்பெனியிலிருந்து வரும்போதே 48.8 அங்குலம். அதற்குப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் கூட்டினாலே கோட்டைத் தாண்டிவிடும்.

மோஷன் ரேஷியோன்னு எல்லாரும் சொல்றாங்க. அதை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும், ஒரு மணி நேர வேலை. சக்கரம் ஒரு மி.மீ. ஏறினால் ஷாக் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்பதுதான் மோஷன் ரேஷியோ. ஃப்ரேமை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, இரண்டு முன் ஷாக்கின் ஸ்பிரிங்குகளையும் கழற்றி, ஷாக்கை மட்டும் திரும்ப மாட்டுங்கள். ரிசர்வாயரில் (ஷாக்கோடு இணைந்த வாயுக் கலம்) நைட்ரஜன் இருந்தால் ஷாஃப்ட் (ஷாக்கின் தண்டு) தானாகவே நீண்டு நிற்கும். ஹப்புக்கு அடியில் ஜாக் வைத்து 50 மி.மீ. வீதம் ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் ஷாக்கின் மேல் போல்ட் மையத்திலிருந்து கீழ் போல்ட் மையம் வரை அளந்து எழுதுங்கள்.

நம் வண்டியின் பழைய ஆர்மில் வந்த அளவு: சக்கரம் 0, 50, 100, 150, 200, 250 ஏறும்போது ஷாக் நீளம் 450, 426, 401, 376, 350, 323. அடுத்தடுத்த வித்தியாசம் 24, 25, 25, 26, 27. ஒவ்வொன்றையும் 50-ஆல் வகுத்தால் ரேஷியோ 0.48-இல் தொடங்கி 0.54-க்கு ஏறுகிறது. இரண்டையும் வர்க்கமாக்கி ஒப்பிட்டால், அதே ஸ்பிரிங் பயணத்தின் முடிவில் தொடக்கத்தைவிட 27 சதவீதம் கடினமாக இருக்கும். இப்படி ஏறுவது நல்லது. ஷாக் ரொம்பப் படுத்திருக்கும் வண்டிகளில் ரேஷியோ ஏறாமலோ இறங்கியோ போகும். அதற்கு டூயல் ஸ்பிரிங் கட்டாயம் தேவைப்படும்.

ஷாக் சாய்ஞ்சிருக்கே, அதுக்கு காஸ் தீட்டா பெருக்கணும்னு ஒரு கால்குலேட்டர் சொல்லுது. பெருக்கணுமா?

மேலே சொன்னபடி அளந்திருந்தால் பெருக்கக் கூடாது. அந்த அளவிலேயே சாய்வு அடங்கிவிட்டது. ஆர்ம் நீளத்தையும் ஷாக் போல்ட்டின் தூரத்தையும் மட்டும் வைத்து ரேஷியோ போடுபவர்களுக்குத்தான் அந்தத் திருத்தம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சாய்வை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். தப்பாக வாங்கப்படும் கடினமான ஸ்பிரிங்குகளில் பாதி இப்படித்தான் வருகின்றன என்று தோன்றுகிறது.

ஸ்பிரிங்ல எழுதியிருக்கிற நம்பர் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கே?

அமெரிக்க ஸ்பிரிங்கில் பவுண்டு/அங்குலம், ஜப்பானிய கையேடுகளில் கிலோ/மி.மீ., ஐரோப்பாவில் நியூட்டன்/மி.மீ. ஒரு கிலோ/மி.மீ. என்பது 56 பவுண்டு/அங்குலம், ஒரு நியூட்டன்/மி.மீ. என்பது 5.71 பவுண்டு/அங்குலம். எண் அழிந்துபோன ஸ்பிரிங்கா? குளியலறைத் தராசை பிரஸ்ஸுக்கு அடியில் வைத்து 25 மி.மீ. அமுக்கினால் ரேட் (ஸ்பிரிங்கின் விறைப்பு) தெரிந்துவிடும். தராசின் வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் எடைக்கு எந்த ஸ்பிரிங்?

எடை தனியாக எதையும் சொல்லாது. முன் சக்கரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. முன் சக்கரம் இரண்டுக்கும் அடியில் இரண்டு தராசு வையுங்கள். பின் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை வைத்துச் சமப்படுத்துங்கள். முழு கியர் போட்டு, ஃபுட்பெக்கில் ஓட்டும் நிலையில் நின்று எடையைப் பாருங்கள். ஒரு சக்கரத்தில் 60.5 கிலோ வந்தது என்று வைப்போம். அதில் டயர், ரிம், ஹப், பிரேக், நக்கிள், ஆர்மின் பாதி எடை எல்லாம் சேர்ந்து சுமார் 12 கிலோ ஸ்பிரிங்குக்கு வெளியே இருப்பவை. அதைக் கழித்தால் 48.5. ஸ்பிரிங் தாங்க வேண்டியது இதுதான்.

முதலில் பழைய ஆர்ம். சேக் (ஓட்டுபவர் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) பயணத்தில் 30 சதவீதம், அதாவது 75 மி.மீ. என்று வைப்போம். அந்த இடத்தில் ரேஷியோ 0.50, ஆக ஷாக்கில் விழும் சுமை 48.5 ÷ 0.50 = 97 கிலோ. இதில் 16 கிலோவை ரிசர்வாயரின் வாயுவே தாங்கிவிடும். 14 மி.மீ. ஷாஃப்டை 150 பிஎஸ்ஐ வெளியே தள்ளும் விசை அது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மிச்சம் 81 கிலோ. ஷாக் அதுவரை அமுங்கியது 36.5 மி.மீ. ஆக ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைப்பது) இல்லாமல் 2.22 கிலோ/மி.மீ., அதாவது 124 பவுண்டு/அங்குலம்; இனி சுருக்கமாகப் பவுண்டு.

இப்போது புதிய ஆர்ம். ரேஷியோ 0.50 × 0.866 = 0.433. ஷாக்கில் விழுவது 112 கிலோ, வாயு போக 96. அதே 75 மி.மீ. சேக் வேண்டுமென்றால் ஷாக் 31.6 மி.மீ.தான் அமுங்கும். 3.04 கிலோ/மி.மீ., 170 பவுண்டு வேண்டும். ஆனால் அதே ஷாக் நீண்ட ஆர்மில் 289 மி.மீ. சக்கரப் பயணம் தருகிறது, பால் ஜாயிண்ட் இடம் கொடுத்தால். கிடைத்த பயணத்தைப் பயன்படுத்தி 30 சதவீதமான 87 மி.மீ. சேக் வைத்தால் 2.62 கிலோ/மி.மீ., 146 பவுண்டு போதும். நாம் தேர்ந்தெடுப்பது இரண்டாவதை. நீண்ட பயணம் வாங்கிவிட்டுப் பழைய உயரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பொருளில்லை.

சேக் எப்படி அளக்கிறது? ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் வருது.

குவாடில் இது சகஜம். சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் சக்கரங்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். நின்ற இடத்தில் டயர் தரையைப் பற்றிக்கொண்டு விடாது. ஆர்ம் நீளமானால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். ஏறி நின்று இரண்டு முறை அமுக்கிவிட்டு, வண்டியை ஒரு மீட்டர் முன்னே உருட்டி நிறுத்தி, பிறகு அளக்க வேண்டும்.

சக்கரம் காற்றில் தொங்கும்போது ஹப் மையத்துக்கும் ஃப்ரேமில் நேர்மேலே நீங்கள் குறித்த புள்ளிக்கும் உள்ள தூரம் ஓர் அளவு. ஓட்டுபவர் ஏறி நின்றபின் அதே தூரம் இன்னோர் அளவு. வித்தியாசம்தான் சேக். மேலே தூக்கிவிட்டு இறங்கவிட்டும், கீழே அமுக்கிவிட்டு எழவிட்டும் இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள். இரண்டுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு புஷ்ஷுக்கு கிரீஸ் போடுங்கள்.

மோட்டோகிராஸுக்கு 30 சதவீதத்தில் தொடங்கலாம். வேர்களும் கற்களும் நிறைந்த காட்டுப் பாதைக்கு 35 வரை போகலாம். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட அங்கே இடம் தேவை.

ப்ரீலோடை நல்லா இறுக்கிட்டா ஸ்பிரிங் ஹார்டு ஆயிடும்ல?

ஆகாது. 124 பவுண்டு ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கினாலும் 124 பவுண்டுதான். காலர் (ஸ்பிரிங்கை மேலிருந்து இறுக்கும் மரை வளையம்) வண்டியின் உயரத்தை மட்டும் மாற்றும். நம் புதிய ஆர்மில் காலரை 10 மி.மீ. இறக்கினால் முன்பக்கம் சுமார் 23 மி.மீ. எழும், 10-ஐ 0.433-ஆல் வகுத்த கணக்கு.

பழைய 124 பவுண்டை வைத்துக்கொண்டே உயரத்தை மீட்க 87 மி.மீ. சேக் வரும்வரை இறுக்கலாம், நடக்கும். நிற்கும்போது வண்டி அழகாக இருக்கும். தாவி இறங்கும்போது அடி தட்டும். சக்கரம் தொங்கும் நிலைக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் 'டக்' என்று மேலே முட்டும். ப்ரீலோடு 15 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் ஸ்பிரிங் தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஸ்பிரிங் போதுமா, ரெண்டு மூணு ஸ்பிரிங் அடுக்கின ஷாக்தான் வேணுமா?

நம் வண்டியில் ஒற்றை 146 பவுண்டு ஸ்பிரிங், பயணத்தின் முடிவில் சக்கரத்தில் தரும் விசை சுமார் 162 கிலோ. தாங்கும் சுமையைப் போல 3.3 மடங்கு. சமதளப் பாதைக்குப் போதும். டேபிள் டாப் (உச்சி தட்டையான ஜம்ப் மேடு) தாண்டுகிறவருக்குப் போதாது.

ஸ்பிரிங்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ரேட் கூடாது, குறையும். இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 220 பவுண்டும் 430 பவுண்டும் அடுக்கினால் 220 × 430 ÷ 650 = 145.5. நமக்கு வேண்டியது அதுவேதான். பயணத்தின் நடுவே, மேலே இருக்கும் 430 ஸ்பிரிங்கை கிராஸ்ஓவர் வளையம் (ஒரு ஸ்பிரிங் அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் வளையம்) தடுத்து நிறுத்திவிட்டால், அதன்பின் தனியாக வேலை செய்வது 220. ஷாக் 75 மி.மீ. அமுங்கும் இடத்தில் நிறுத்தினால் முடிவில் 194 கிலோ, நான்கு மடங்கு. மூன்று ஸ்பிரிங் என்பதும் இதே கதைதான், ஒரு படி கூடுதல்.

மேல இருக்கிற சின்ன ஸ்பிரிங்தானே மென்மையா இருக்கணும்? 430-ஐ மேல போடச் சொல்றீங்களே.

மேலே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குக்கு வைத்த 'டெண்டர்' (மென்மையானது) என்ற பெயர் செய்யும் குழப்பம் இது. எந்த ஸ்பிரிங் தடுக்கப்படுகிறதோ அது கணக்கிலிருந்து விலகுகிறது, மிஞ்சுவது மற்றது. மிஞ்சுவது 220 ஆக வேண்டும், தொடக்கம் 146 ஆக வேண்டும் என்றால் தடுக்கப்படுவது 430 ஆகத்தான் இருக்க முடியும். மாற்றிப் போட்டு 220-ஐத் தடுத்தால், 146-இலிருந்து ஒரே தாவில் 430. பயணத்தின் நடுவில் சுவரில் மோதியது போல இருக்கும்.

வளையத்தின் இடைவெளிக்கும் கணக்கு உண்டு. ஷாக் 75 மி.மீ. அமுங்கும்போது 430 ஸ்பிரிங்கின் பங்கு 75 × 145.5 ÷ 430, அதாவது 25 மி.மீ. ப்ரீலோடு இல்லாத நிலையில் இடைவெளியை 25-இல் வையுங்கள்.

ஸ்பிரிங் மாத்தினதும் ஷாக் முழுசா அமுங்கலை. உள்ளே ஏதாவது வளைஞ்சிருக்குமா?

காயில் பைண்டாக இருக்கும். கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. மொத்தச் சுற்றுகளைக் கம்பியின் தடிமனால் பெருக்கினால் ஒட்டும் நீளம் வரும். ஸ்பிரிங்கின் முழு நீளத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது ஷாக்கின் ஸ்ட்ரோக்கையும் (ஷாஃப்ட் முழுவதும் அமுங்கும் தூரம்) ப்ரீலோடையும் சேர்த்ததைவிட அதிகமாக இருக்க வேண்டும், குறைந்தது 5 மி.மீ. அடுக்கிய ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பைண்டோடு ஓட்டினால் முதலில் உடைவது ஷாக்கின் கண் அல்லது ஆர்மின் வெல்டு.

ஸ்பிரிங் சரியாச்சு. வால்விங்கையும் மாத்தியே ஆகணுமா? கிளிக்கர்தான் இருக்கே.

ஸ்பிரிங்குக்கு நடந்த அதே இரட்டை இழப்பு டேம்பிங்குக்கும் (எண்ணெய் ஷாஃப்டின் அசைவைத் தடுப்பது) நடந்திருக்கிறது. நீண்ட ஆர்மில் சக்கரம் அதே வேகத்தில் ஏறினாலும் ஷாஃப்ட் 13 சதவீதம் மெதுவாகப் போகிறது. அது தரும் விசையும் 13 சதவீதம் குறைந்தே சக்கரத்தைச் சேர்கிறது. கம்ப்ரஷன் (அமுங்கும்போது வரும் தடை), ரீபவுண்ட் (திரும்ப நீளும்போது வரும் தடை) இரண்டுமே கால்பங்கு போய்விட்டன. பழைய நிலைக்குக் கொண்டுவர ஷாக்கில் 1.33 மடங்கு வேண்டும்.

கிளிக்கர் (ஷாக்கின் வெளியே திருகும் குமிழ்) பெரும்பாலும் ஊசித்துளை வழியாகப் போகும் எண்ணெயை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. மெதுவான அசைவில் அது தெரியும். வேகமான அடியில் எண்ணெய் ஷிம்மை வளைத்துக்கொண்டு போகும், அங்கே கிளிக்கருக்குப் பேச்சில்லை. எல்லா கிளிக்கையும் மூடிவிட்டு "இப்போது பரவாயில்லை" என்கிற வண்டி, சின்னச் சின்ன கல்லில் கையை உதறவைக்கும்.

லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடுன்னா நான் ஓட்டுற வேகமா?

இல்லை, ஷாஃப்டின் வேகம். 80 கி.மீ. வேகத்தில் வளைவில் வண்டி சாய்வது லோ ஸ்பீடு, நடைவேகத்தில் செங்கல்மேல் ஏறுவது ஹை ஸ்பீடு. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழும் சக்கரம் விநாடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். நம் ஆர்மில் ஷாஃப்டுக்கு அது 2.3 மீட்டர்.

1.33 மடங்குன்னா எத்தனை ஷிம் கூட்டணும்?

முதலில் அந்த எண்ணைத் திருத்துவோம். வீல் ரேட்டை (சக்கரத்தில் தெரியும் ஸ்பிரிங் விறைப்பு) அப்படியே வைத்துக்கொண்டவருக்குத்தான் 1.33. நாம் 146 பவுண்டைத் தேர்ந்ததால் வீல் ரேட் பழையதில் 0.885 ஆகிவிட்டது. டேம்பிங் தேவை வீல் ரேட்டின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும், அது 0.94. பெருக்கினால் 1.25. ஆர்மை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூட்டியவருக்கு ரீபவுண்டில் 15 சதவீதம் போதும் என்பதும் இதே வர்க்கமூலக் கணக்குதான்.

இப்போது ஷிம். வளையும் விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறும். 0.10 மி.மீ. ஷிம்மை 1 என்று வைத்தால் 0.15 என்பது 3.4, 0.20 என்பது 8, 0.25 என்பது 15.6, 0.30 என்பது 27. பிஸ்டன் முகத்தில் ஒரே விட்டத்தில் ஆறு 0.15 ஷிம் இருந்தால் மொத்தம் 20.25. ஒன்றைக் கழற்றி 0.20 போட்டால் 24.9, அதாவது 1.23 மடங்கு. வேலை முடிந்தது. ஆறை எட்டாக்கினால் 27 ஆகும், அது 1.33. ஒரே ஒரு ஷிம்மில் இவ்வளவு இருப்பதால்தான் மைக்ரோமீட்டர் இல்லாமல் அடுக்கைத் தொடக் கூடாது என்பது. 0.15-உம் 0.20-உம் கையில் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணெய் ஒட்டிய இரண்டு ஷிம் ஒன்றாகவே அளவில் வந்துவிடும்.

கூம்பாக அடுக்கிய மேல் ஷிம்கள், கிளாம்ப் ஷிம்மின் (அடுக்கின் முடிவில் மற்றவற்றைப் பிடித்து நிற்கும் சிறிய ஷிம்) விட்டம் ஆகியவையும் விசையை மாற்றும். கிளாம்ப் சிறிதானால் அடுக்கு எளிதில் வளையும். ஆகவே முக ஷிம்மை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள், இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கை வைக்காதீர்கள். அடுக்கைக் கழற்றும்போது ஒரு கம்பியில் வரிசை குலையாமல் கோத்துவிட்டு, படம் எடுத்து, ஒவ்வொன்றின் விட்டமும் தடிமனும் எழுதிக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

நைட்ரஜனை முழுவதும் வெளியேற்றாமல் ரிசர்வாயர் மூடியைத் தொடவே கூடாது. மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். ஷாஃப்ட் நட்டின் முனை தட்டிப் பூட்டப்பட்டிருந்தால் அதை அரத்தால் ராவி எடுத்த பிறகே திருப்புங்கள், இல்லாவிட்டால் மரை போய்விடும். ராவிய தூள் ஒரு துளி உள்ளே போனாலும் சீல் கிழியும். நட்டைப் புதிதாகப் போட்டு, மரையில் லாக்டைட் விட்டு, கையேட்டில் உள்ள டார்க்கில் இறுக்குங்கள்.

ரிசர்வாயர்ல நைட்ரஜனுக்குப் பதிலா சைக்கிள் ஷாக் பம்புல காத்து அடிச்சா என்ன?

காற்றில் ஈரம் இருக்கிறது, ஆக்ஸிஜன் இருக்கிறது. சூட்டில் அழுத்தம் தாறுமாறாக ஏறும், எண்ணெயும் கெடும். அதைவிடப் பெரிய சிக்கல் அளவு. அந்த அறையே சிறியது, பம்பையோ கேஜையோ மாட்டியதும் குழாய்க்குள் கொஞ்சம் வாயு போய், படிக்கும் எண்ணே குறைந்துவிடும்.

அழுத்தம் 150-இலிருந்து 200 பிஎஸ்ஐ வரை வைப்பது வழக்கம். நம் வண்டியில் 150-ஐ 200 ஆக்கினால் முன்பக்கம் 5 மி.மீ. போல எழும், அவ்வளவே. உயரத்தைச் சரிசெய்ய அழுத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம். ஆனால் கம்ப்ரஷன் ஷிம்மைக் கூட்டியவர் குறைந்த அழுத்தத்தில் ஓட்டக் கூடாது. பிஸ்டனுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் நுரைக்கும். சில சுற்றுகள் ஓடியபின் ஷாக்கே இல்லாதது போல ஆகிவிடும்.

ஷிம்முக்குப் பதிலா கெட்டியான எண்ணெய் ஊத்தினா போதாதா?

போதாது. கெட்டி எண்ணெய் ஊசித்துளையில்தான் அதிகம் தடுக்கும், ஷிம்மில் குறைவு. காலையில் கல் மாதிரி, சூடானதும் பழையபடி. எண்ணெய் டின்னில் உள்ள 5 டபிள்யூ என்பதுகூடக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 40 டிகிரியில் சென்டிஸ்டோக் எவ்வளவு என்பதைப் பார்த்து அதே தடிமனை வாங்குங்கள்.

ரீபவுண்டு அதிகமா குறைவான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

தொடர் மேடுகளில் பாருங்கள். முதல் மூன்று மேடு நன்றாக இருந்து, நான்காவது ஐந்தாவதில் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போய்க் கையில் அடிக்கிறதா? ரீபவுண்ட் அதிகம். ஷாக் நீளுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஸ்பிரிங் மென்மை என்று நினைத்து இதற்கு ப்ரீலோடு கூட்டுபவர்கள் நிறைய. மாறாக ஒற்றை மேட்டில் ஏறி இறங்கியதும் ஹேண்டில்பார் மேலே எகிறினால் ரீபவுண்ட் குறைவு.

கிளிக்கரை முழுவதும் மூடி, அங்கிருந்து வெளியே எண்ணுங்கள். இரண்டு கிளிக் மாற்றி ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இடது வலது இரண்டும் ஒரே எண்ணில் இருக்கட்டும். கடைசிக் கிளிக்வரை போயும் சரியாகவில்லையென்றால் ஷிம்முக்குத் திரும்புங்கள்.

சேக் சரி, மத்த இடத்துல எல்லாம் சரி. பெரிய ஜம்ப்ல மட்டும் அடி தட்டுது. ஸ்பிரிங்கை ஏத்தவா?

வேண்டாம். ஷாஃப்டில் ஒரு சிறிய ஜிப் டை கட்டி பாடியோடு ஒட்டித் தள்ளிவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். அந்தத் தடத்தின் மிகப் பெரிய ஜம்பில் சுற்றுக்கு ஒரு தடவை ஷாஃப்டின் முடிவில் உள்ள ரப்பரை லேசாகத் தொட்டால் அது குறையல்ல, முழுப் பயணமும் வேலை செய்கிறது. பலமாக இடித்தால் முதலில் கிராஸ்ஓவர் இடைவெளியை 25-இலிருந்து 20-க்குக் குறைத்துப் பாருங்கள். 430 ஸ்பிரிங் முன்னதாகவே நிற்கும். அதன்பின் ஹை ஸ்பீடு கம்ப்ரஷன். மெயின் ஸ்பிரிங் (நம் வண்டியில் 220) கடைசி, ஏனென்றால் அதைத் தொட்டால் சேக் மாறும், ரீபவுண்டும் மாறும்.

ஆர்ம் அகலமானா வளைவுல சாயறது குறையணுமே? எனக்குக் கூடியிருக்கு.

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். வண்டி கவிழ்வது குறைந்திருக்கும், சாய்வது கூடியிருக்கும். சாய்வைத் தடுக்கும் விறைப்பு, டயர் மையங்களின் இடைவெளியின் வர்க்கத்தையும் வீல் ரேட்டையும் பொறுத்தது. 7 அங்குல டயரில் அந்த இடைவெளி 39-இலிருந்து 43 அங்குலமாகிறது, 1.22 மடங்கு. பழைய ஸ்பிரிங்கில் வீல் ரேட் 0.75. பெருக்கினால் 0.91, ஒன்பது சதவீதம் இழப்பு. 146 பவுண்டு போட்டதும் 1.08 ஆகித் திரும்பிவிடும்.

நண்பரோட வேற மாடல் குவாடு ஷாக், நீளம் அதேதான். அப்படியே மாட்டலாமா?

மாட்டலாம், ஓட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஸ்ட்ரோக் உங்கள் ஆர்ம் இடம் கொடுக்கும் அளவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். கண்ணின் புஷ் அகலம் பொருந்த வேண்டும். முழுவதும் அமுக்கிய நிலையில் ரிசர்வாயரோ ஹோஸோ மேல் ஆர்மில் உரசக் கூடாது. ஸ்பிரிங்கும் வால்விங்கும் அவருடைய மோஷன் ரேஷியோவுக்கானவை. அவர் வண்டியில் 0.50, உங்களதில் 0.433 என்றால் முதல் கேள்வியில் சொன்ன கால்பங்கு இழப்பு அப்படியே உங்களுக்கும் வரும்.

எல்லாக் கணக்கும் போட்டாச்சு. ஒரு பக்கம் மட்டும் இடிக்குது, மத்தது மெத்துன்னு இருக்கு.

இரண்டு ஷாக்கையும் இடம் மாற்றி மாட்டுங்கள். இடிப்பும் கூடவே மாறினால் ஷாக்: வாயு அழுத்தம், நுரைத்த எண்ணெய், தலைகீழாகப் போன ஷிம் என்ற வரிசையில் தேடுங்கள். இடிப்பு அதே பக்கத்தில் நின்றால் ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் ஏற்றி இறக்குங்கள். ஒரு விரலால் நகர வேண்டும். நகராவிட்டால் பிவட் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், அல்லது புதிய ஆர்மின் புஷ்ஷில் பெயிண்ட் இறங்கியிருக்கிறது.